கேமரா ஓடுவது தெரிந்ததும் மாறும் முகம்

1980 பிப்ரவரியில் இத்தாலியின் மிலான் நகரத்தில் ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’ என்ற ஹாரர் படம் வெளியானது. பத்து நாட்களில் நீதித்துறை உத்தரவு வந்து படம் பறிமுதல் செய்யப்பட்டது. முதலில் ஆபாச வழக்குதான். பிறகு, திரையில் சாகிறவர்கள் நிஜமாகவே கொல்லப்பட்டிருக்கிறார்கள் என்ற பேச்சு பரவியது. இயக்குநர் ருஜெரோ தெயோதாத்தோ வசமாக மாட்டிக்கொண்டார். படம் உண்மைபோலவே தோன்ற வேண்டும் என்று, ஒரு வருடத்துக்கு எந்த ஊடகத்திலும் தலைகாட்டக் கூடாது என நடிகர்களிடம் அவரே எழுதி வாங்கியிருந்தார். இப்போது அவர்களைத் தேடிப்பிடித்து உயிரோடு காட்ட வேண்டியதாயிற்று. கழுவேற்றப்பட்ட பெண்ணின் காட்சியை எடுத்த விதத்தையும் விளக்க வேண்டியிருந்தது. இரும்புக் கம்பத்தில் ஒரு சைக்கிள் சீட்டைப் பொருத்தி அதில் அந்தப் பெண்ணை உட்கார வைத்து, இலேசான பால்சா மரத்துண்டு ஒன்றை வாயில் கவ்வியபடி அண்ணாந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அவ்வளவுதான்.

சினிமா ரசிகர்கள் இந்தக் கதையை ‘அவ்வளவு தத்ரூபமா!’ என்ற வியப்போடு சொல்வது வழக்கம். ஆனால் அந்தப் படத்தின் கதையே ‘தத்ரூபமான காட்சி’க்காக மனிதர்களைப் பலியிடும் ஆவணப்படக் குழுவைப் பற்றியது. அதாவது, சுரண்டும் ஆவணப்படம் என்றால் என்ன என்பதைக் காட்ட எடுத்த ஹாரர் படம் இது. அதைக் காட்டும்போதே அதே சுரண்டலைச் செய்த படமும் இதுதான். ஆவணப்பட அறம் என்ற பெரிய விஷயத்துக்குள் முதன்முதலாக நுழைகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை என்பது என் எண்ணம். நல்ல படம் என்று சொல்ல மாட்டேன். நல்ல பாடம். வன்முறைக் காட்சிகளைப் பற்றி எழுதாமல் இதை விளக்க முடியாது, பாலியல் வன்முறை உட்பட. வேண்டாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் கதை. அமெரிக்காவைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் அமேசான் காட்டுக்குள் படமெடுக்கப் போய்த் திரும்பவில்லை. இயக்குநர் ஆலன், அவன் காதலி ஃபே, கேமராமேன்கள் ஜாக், மார்க். அவர்களைத் தேடி நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மானுடவியல் பேராசிரியர் மன்ரோ காட்டுக்குள் போகிறார். நால்வரும் இறந்துவிட்டார்கள் என்பது தெரிகிறது. அவர்கள் எடுத்த ஃபிலிம் சுருள்கள் மட்டும் பழங்குடி மக்களிடம் இருக்கின்றன. தன்னிடமிருந்த டேப் ரெக்கார்டரைக் கொடுத்துவிட்டுச் சுருள்களை வாங்கிக்கொண்டு அவர் நியூயார்க் திரும்புகிறார். ஒரு தொலைக்காட்சி நிறுவனம் அவற்றை ஒளிபரப்பத் துடிக்கிறது. அதற்கு முன் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்கிறார் மன்ரோ. படத்தின் இரண்டாம் பாதி முழுவதும் அவர் பார்ப்பதுதான், அவரோடு சேர்ந்து நாம் பார்ப்பதும்தான்.

யாரோ எடுத்த படச்சுருள் பிற்பாடு கண்டெடுக்கப்பட்டது என்ற பாவனையில் எடுக்கப்படும் படங்களை ‘ஃபவுண்ட் ஃபுட்டேஜ்’ என்கிறார்கள். 1999-இல் வந்த ‘பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ இந்த வகையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதற்குப் பத்தொன்பது வருடம் முன்பே தெயோதாத்தோ இந்த உத்தியின் பெரும்பாலான கூறுகளைப் பயன்படுத்திவிட்டார். பேராசிரியரின் கதை 35 எம்எம் ஃபிலிமில், நிதானமான ஒளிப்பதிவில் ஓடுகிறது. நால்வர் எடுத்த பகுதி 16 எம்எம் ஃபிலிமில், கையில் தூக்கிய கேமராவில், கீறல்களோடும் ஆட்டத்தோடும் வருகிறது. செய்திப்படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஆட்டம் கண்ட காட்சிதான் உண்மை. அழகான காட்சி என்றால் சினிமா. அந்தப் பழக்கத்தை வைத்தே அவர் நம்மை ஏமாற்றுகிறார்.

இந்த உத்தி பயமுறுத்துவதற்கு மட்டும் உதவவில்லை. இதற்கு இன்னொரு வேலையும் உண்டு, அதைக் கவனிக்காமல் விட்டால் படம் வெறும் ரத்தக்களரிதான். ஆவணப்படம் எடுப்பவர் பல மணி நேரம் படம்பிடிப்பார். அந்தப் பதிவை ரஷ் என்பார்கள். அதில் நமக்குக் காட்டுவது ஒன்றரை மணி நேரமோ அதற்கும் குறைவோ. ‘கொஞ்சம் இந்தப் பக்கம் நில்லுங்க’, ‘மறுபடியும் அழுங்க’, ‘கேமரா ரெடியா?’ போன்றவை எல்லாம் எடிட்டிங் மேசையில் வெட்டப்பட்டுப் போகும். வெட்டியபின் மிஞ்சுவது ‘தானாக நடந்த’ நிகழ்ச்சியாகத் தெரியும். மன்ரோ பார்ப்பது முடிந்த படத்தை இல்லை, ரஷ்ஷை. குப்பைக் கூடைக்குப் போக வேண்டிய துண்டுகள் அனைத்தும் அதில் அப்படியே இருக்கின்றன. இந்தப் படத்தில் பேய் எது என்று கேட்டால், அந்தத் துண்டுகள்தான்.

அவற்றில் என்ன இருக்கிறது? காட்டில் யாகுமோ என்ற பழங்குடி மக்களில் ஒருவரை நால்வரும் பார்க்கிறார்கள். அவர் காலில் சுட்டுவிடுகிறார்கள். காரணம், நொண்டி நடந்தால் பின்தொடர்ந்து ஊரைக் கண்டுபிடிப்பது எளிது. ஊருக்குள் போனதும் மார்க் ஒரு பன்றியை உதைத்துச் சுட்டுக் கொல்கிறான். அடுத்து, மக்களை ஒரு குடிசைக்குள் விரட்டி அடைத்துத் தீ வைக்கிறார்கள். எதற்கு? பக்கத்துக் காட்டு யனோமாமோ குழுவினர் இவர்களைப் படுகொலை செய்தார்கள் என்று படத்தில் காட்டுவதற்கு. பழங்குடிகளுக்குள் நடக்கும் ஆதிகாலப் போர் என்று குரல் கொடுத்தால் முடிந்தது, நியூயார்க்கில் யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்?

இதையெல்லாம் விடக் கொடியது ஒரு சின்ன முகபாவம். நால்வரில் ஆண்கள் ஒரு பழங்குடிச் சிறுமியைக் கூட்டாக வன்புணர்கிறார்கள். பிறகு அந்தப் பெண் ஆற்றங்கரையில் கழுவேற்றப்பட்டுக் கிடக்கிறாள். அவளைப் பார்த்தபடி நிற்கும் ஆலன் முகத்தில் ஒரு இளிப்பு. கேமராவுக்குப் பின்னாலிருக்கும் மார்க், படம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எச்சரிக்கிறான். உடனே ஆலன் முகத்தைச் சோகமாக மாற்றிக்கொண்டு, ஐயோ இதென்ன கொடூரம் என்று அந்த மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி வருத்தத்தோடு விளக்க ஆரம்பிக்கிறான். அவன் எடிட் செய்த படத்தில் அந்த வருத்தம் மட்டும்தான் இருந்திருக்கும்.

ஆவணப்பட அறத்தைப் பற்றிப் பல பாடநூல்கள் இருக்கின்றன. இந்த ஒரு ஷாட் அவற்றில் பாதியைச் சொல்லிவிடுகிறது. பார்வையாளரிடம் பொய் சொன்னது ஒரு குற்றம். அது பெரிதில்லை. துன்பத்தை உண்டாக்கியவனே துன்பத்துக்குச் சாட்சியாக வந்து நிற்பதும், அந்தச் சாட்சியத்துக்குப் பேரும் காசும் வாங்குவதும்தான் பெரிது. சுரண்டல் என்று நான் சொல்வது அதைத்தான்.

கடைசியில் பழங்குடிகள் திருப்பித் தாக்குகிறார்கள். ஜாக் மேல் ஈட்டி பாய்கிறது. ஆலன் அவனைக் காப்பாற்ற முயலவில்லை, தானே சுட்டுவிடுகிறான். பிணத்தை அவர்கள் சிதைப்பதைப் படமெடுக்கலாம் என்பதற்காக. ஃபே பிடிபடும்போதும் மார்க்கின் கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. அடுத்தவர் சாவுக்குப் பழகிய கேமரா சொந்தக் குழுவின் சாவையும் அதே ஆர்வத்தோடு பார்ப்பதில் தெயோதாத்தோ மிகத் தெளிவாக இருக்கிறார்.

தெயோதாத்தோ இதை வெறும் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. 1962-இல் குவால்தியேரோ யாகோபெத்தி, பவுலோ கவாரா, ஃப்ராங்கோ ப்ரோஸ்பெரி மூவரும் ‘மோண்டோ கானே’ என்று ஒரு படம் எடுத்தார்கள். உலகின் பல மூலைகளிலிருந்து விநோதமான, அருவருப்பான, அதிர்ச்சியான காட்சிகளைப் பொறுக்கி, நக்கலான வர்ணனையோடு கோத்த படம். பணம் கொட்டியது. உண்மையையும் செட்டப்பையும் கலந்து ‘ஆவணம்’ என்ற பேரில் விற்கும் ஒரு படவகையே பிறந்தது. அதை ‘மோண்டோ’ வகை என்கிறார்கள். 1966-இல் யாகோபெத்தியும் ப்ரோஸ்பெரியும் எடுத்த ‘ஆஃப்ரிக்கா அட்டியோ’ இன்னும் ஒரு படி மேலே போனது. காலனி ஆட்சி முடிந்த ஆப்பிரிக்காவின் வன்முறையைக் காட்டிய அந்தப் படம் இனவெறிப் படம் என்று கடுமையாகத் தாக்கப்பட்டது. காங்கோவில் ஒரு கொலையைக் கேமராவுக்கு வசதியாக நடக்க வைத்தார்கள் என்று யாகோபெத்தி மீது இத்தாலியில் குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணையில் அவர் விடுவிக்கப்பட்டார். ஆனால் ‘கேமராவுக்காக ஒரு ஆளைக் கொல்வார்களா?’ என்ற கேள்வி பிறந்துவிட்டது. அதன் கதைவடிவம்தான் ஆலன்.

இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் இருக்கிறார், இசையமைப்பாளர் ரிஸ் ஓர்தொலானி. ‘மோண்டோ கானே’வுக்கு நீனோ ஒலிவியேரோவோடு சேர்ந்து இசையமைத்தவர் அவர்தான். அந்த இசையிலிருந்து உருவான ‘மோர்’ என்ற பாட்டு ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’டுக்கும் அவரே இசை. குடிசை எரியும்போது பின்னணியில் ஓடும் மெட்டு தாலாட்டு மாதிரி இனிமையாக இருக்கும். தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள். கொடுமையின் மேல் இனிய இசையைத் தடவி விற்றது மோண்டோ படங்களின் உத்தி. அதே ஆளைக் கூப்பிட்டு அதே உத்தியை நம் காதில் உறைக்கும்படி போட வைத்திருக்கிறார் இயக்குநர்.

இத்தாலியத் தொலைக்காட்சியும் ஒரு காரணம். எழுபதுகளில் சிவப்புப் பிரிகேடுகள் என்ற ஆயுதக் குழுவின் கொலைகளும் கடத்தல்களும் அந்த நாட்டின் அன்றாடச் செய்திகள். சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குள் வந்து விழுந்த அந்தச் செய்திப் படங்களைப் பார்த்துதான் இந்தக் கதை தோன்றியது என்று தெயோதாத்தோ பின்னாட்களில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

சரி, ஆவணப்படத்தில் செட்டப் செய்வது மோண்டோக்காரர்கள் கண்டுபிடித்ததா? இல்லவே இல்லை. 1922-இல் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி எடுத்த ‘நானூக் ஆஃப் தி நார்த்’ உலக ஆவணப்படங்களுக்கு முன்னோடி என்று போற்றப்படுவது. கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையில் வாழ்ந்த இன்யூட் மக்களைப் பற்றியது. நானூக்கின் உண்மைப் பெயர் அல்லகாரியல்லாக். படத்தில் மனைவியாக வருபவர் அவர் மனைவி இல்லை. அந்தக் காலத்தில் இன்யூட் மக்களிடம் துப்பாக்கி வந்துவிட்டது, ஆனால் ஈட்டியால்தான் வால்ரஸ் வேட்டையாட வேண்டும் என்பது இயக்குநரின் விருப்பம். பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்று பாதியை வெட்டித் திறந்துவிட்ட வீட்டில் அவர்களைத் தூங்க வைத்துப் படம் பிடித்தார்.

இதுவும் பொய்தான். ஆனால் ஆலன் செய்ததும் ஃப்ளாஹர்ட்டி செய்ததும் ஒன்றா? இங்கே நிதானம் வேண்டும். ஃப்ளாஹர்ட்டியின் படத்தில் அந்த மக்களே கூடவே வேலை செய்தார்கள். கேமராக் கருவிகளைப் பார்த்துக்கொண்டார்கள், காட்சிகளைத் திட்டமிட்டார்கள். தாத்தா காலத்து வேட்டையை நடித்துக் காட்டுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரியாதது பார்வையாளருக்கு மட்டும். இன்னொரு பக்கம், அந்த வால்ரஸ் வேட்டையில் ஆபத்து முழுக்க வேட்டைக்காரர்களுக்கு, கரையில் கேமராவோடு நின்றவருக்கு இல்லை. ஆகவே ஃப்ளாஹர்ட்டியை நிரபராதி என்று அனுப்பிவிடவும் முடியாது.

இன்னொரு உதாரணம், விலங்குகளோடு. 1958-இல் டிஸ்னி நிறுவனம் ‘ஒயிட் வில்டர்னஸ்’ என்ற இயற்கை ஆவணப்படத்தை வெளியிட்டது. லெமிங் என்னும் எலி போன்ற சிறு பிராணிகள் கூட்டம் கூட்டமாக மலையுச்சியிலிருந்து கடலில் குதித்துத் தற்கொலை செய்வதாக அதில் ஒரு காட்சி. படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. 1982-இல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி விசாரித்துச் சொன்னது: காட்சி எடுக்கப்பட்டது கடலே இல்லாத ஆல்பர்ட்டா மாகாணத்தில், லெமிங்குகள் வேறிடத்திலிருந்து காசு கொடுத்துக் கொண்டுவரப்பட்டவை, உச்சியிலிருந்து அவை குதிக்கவில்லை, தள்ளிவிடப்பட்டன. லெமிங்குகள் தற்கொலை செய்யும் என்ற கட்டுக்கதை இன்றும் உயிரோடு இருக்கிறது. குழந்தைகளுக்கான படம் அது. அதன் எடிட்டிங் மேசையில் விழுந்த துண்டுகளில், பிராணிகளைத் தள்ளிய கைகள் இருந்திருக்கும்.

ஆக, ‘இது செட்டப்பா, நிஜமா?’ என்ற கேள்வி மட்டும் போதாது. அதைவிடக் கூர்மையான கேள்வி, இந்தக் காட்சிக்கு விலை கொடுத்தது யார் என்பது. நிஜமாகவே நடந்ததை ஒளிவுமறைவின்றி எடுத்தாலும் அந்த விலை அநியாயமாக இருக்கலாம். ஃப்ரெடரிக் வைஸ்மன் 1967-இல் எடுத்த ‘டிட்டிகட் ஃபாலிஸ்’ அப்படிப்பட்ட சிக்கல். மாசசூசெட்ஸில் மனநலம் குன்றிய குற்றவாளிகளை வைத்திருந்த பிரிட்ஜ்வாட்டர் மருத்துவமனையில் நடந்த கொடுமைகளைச் செட்டப் எதுவும் இல்லாமல் காட்டிய படம். நோயாளிகளின் அந்தரங்கம் மீறப்பட்டது என்ற காரணத்தால் 1991 வரை பொதுமக்களுக்குத் திரையிட முடியாதபடி அங்கே தடை இருந்தது. மருத்துவமனையின் மானம் காக்கத்தான் அந்தரங்கத்தின் பேரைச் சொன்னார்கள் என்பது ஒரு வாதம். இருக்கலாம். ஆனாலும் சிறை அறையில் நிர்வாணமாக நிற்கும் மனிதர் ‘என்னைப் படமெடுங்கள்’ என்று சொல்லும் நிலையில் இருந்தாரா என்ற கேள்வி அதனால் செத்துவிடாது. எனக்கு இதில் முடிவான பதில் கிடையாது. படம் வெளிவந்தது நல்லது என்றே நினைக்கிறேன், ஒரு உறுத்தலோடு.

இப்போது ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’டையே இந்தக் கேள்வியோடு அணுகுவோம். ஊருக்கு உபதேசம் செய்தவர் தன் படப்பிடிப்பில் என்ன செய்தார்?

படப்பிடிப்பு 1979-இல் கொலம்பியாவின் தென்கோடியில், அமேசான் கரையில் உள்ள லெட்டீசியா நகரத்தை ஒட்டி நடந்தது. மனிதச் சாவுகள் அனைத்தும் தந்திரக் காட்சிகள். விலங்குகளின் சாவு நிஜம். ஒரு பெரிய ஆமை, கோட்டி என்னும் கீரி போன்ற ஒரு சிறு விலங்கு, ஒரு பன்றி, ஒரு பாம்பு, ஒரு சிலந்தி, குரங்குகள், எல்லாம் கேமராவுக்காகவே கொல்லப்பட்டவை. ஆமையை வெட்டும் காட்சி நீண்டுகொண்டே போகும். அதில் நடித்த பெர்ரி பிர்கனன் காட்சி முடிந்ததும் அழுதார். மன்ரோவாக நடித்த ராபர்ட் கெர்மன் இந்தக் கொலைகளை எதிர்த்தார். மேலே சொன்ன பன்றி? அதைச் சுட்டது மார்க் பாத்திரம் என்று எழுதினேன். நிஜத் துப்பாக்கியால் நிஜப் பன்றியைச் சுட்டது அந்த வேடத்தில் நடித்த லூக்கா பார்பரெஸ்கி. கதையில் அது ஆவணப்படக் குழுவின் குரூரத்துக்கு அத்தாட்சி. படப்பிடிப்பில் அது என்ன? ஆலனின் குழு காட்சிக்காகப் பன்றியைக் கொன்றது, தெயோதாத்தோவின் குழுவும் காட்சிக்காகப் பன்றியைக் கொன்றது. இரண்டுக்கும் நடுவே கதை என்ற ஒரு மெல்லிய துணி மட்டும்தான் தொங்குகிறது.

மனிதர்கள் விஷயமும் சுத்தமில்லை. படத்தில் நரமாமிசம் தின்கிறவர்களாக வருபவர்களுக்கு ‘யனோமாமோ’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது கற்பனைப் பெயர் இல்லை. பிரேசிலுக்கும் வெனிசுவேலாவுக்கும் இடைப்பட்ட காட்டில் இன்றும் வாழும் உண்மையான மக்களின் பெயர். அந்த மக்கள் எதிரிகளைக் கொன்று தின்கிறவர்கள் இல்லை. ஆலன் ஒரு இனத்தின் மீது செய்யாத கொலையைச் சுமத்தினான், அதற்குத்தான் அவன் வில்லன். அதே வேலையைப் படமும் செய்கிறது. நடித்த உள்ளூர்ப் பழங்குடிகளுக்கு ஒழுங்காகச் சம்பளம் தரவில்லை, ஆபத்தான காட்சிகளில் அவர்களைப் பயன்படுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டுகளும் நெடுங்காலமாக இருக்கின்றன.

இவற்றையெல்லாம் தாண்டி என்னை அதிரவைத்த இடம் ஒன்று. படத்துக்குள் ஒரு படம் வரும், ‘தி லாஸ்ட் ரோட் டு ஹெல்’. ஆலன் குழு முன்பு எடுத்த ஆவணப்படம் என்று தொலைக்காட்சிக்காரர்கள் மன்ரோவுக்குப் போட்டுக் காட்டுவார்கள். ராணுவத்தார் ஆட்களைச் சுட்டுக் கொல்லும் காட்சிகள். முடிந்ததும் ஒரு அதிகாரி, நீங்கள் பார்த்தது எல்லாம் நடிப்பு, ஆலன் காசு கொடுத்துச் செய்ய வைத்தது என்பார். உண்மை என்ன தெரியுமா? அந்தக் காட்சிகள் நிஜமான மரண தண்டனைகளின் செய்திப்படப் பதிவுகள். ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உண்மையாகச் செத்த மனிதர்கள். படம் முழுக்க நடித்த சாவுகளை நிஜம் என்று நம்ப வைக்கப் பாடுபட்டவர்கள், நிஜமாகச் செத்தவர்களைப் பார்த்து ‘இது வெறும் நடிப்பு’ என்று வசனம் வைத்தார்கள். செத்தவர்களுக்குப் பெயர் இல்லை, அனுமதி கேட்க ஆள் இல்லை, கடைசியில் அவர்களுடைய சாவும் அவர்களுடையதாக இல்லை. பன்றியைப் பற்றி வழக்கு நடந்தது. இதைப் பற்றி நடக்கவில்லை.

வழக்கின் முடிவு: இயக்குநர், திரைக்கதை ஆசிரியர் ஜியான்ஃப்ராங்கோ க்ளெரிச்சி, தயாரிப்பாளர்கள் உள்ளிட்டோருக்கு ஆபாசத்துக்கும் விலங்கு வதைக்குமாக நான்கு மாதத் தண்டனை, நிறுத்திவைக்கப்பட்டது. தடை 1984-இல் நீங்கியது. பிரிட்டனில் இந்தப் படம் ‘வீடியோ நாஸ்டி’ என்று முத்திரை குத்தப்பட்ட படங்களில் ஒன்றாகப் பல வருடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 2011-இல் அங்குள்ள தணிக்கை வாரியம் வெறும் 15 விநாடி வெட்டோடு அனுமதித்தது. வெட்டியது கோட்டியைக் கொல்லும் பகுதியை. படமெடுப்பதற்காக விலங்கைக் கொடுமைப்படுத்திய காட்சிகளைத் தடுக்கும் 1937-ஆம் வருடச் சட்டம் அங்கே இருக்கிறது. மற்ற விலங்குகள் சட்டென்று கொல்லப்பட்டதால் ‘வதை’ என்ற வரையறைக்குள் வரவில்லையாம். சட்டத்தின் தராசு அப்படித்தான் நிறுக்கும்.

அப்படியானால் இந்தப் படத்தை வெறும் பாசாங்கு என்று தள்ளிவிடலாமா? பல விமர்சகர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். நான் தள்ளமாட்டேன், ஆனால் மன்னிக்கவும் மாட்டேன். அது சொல்லும் குற்றச்சாட்டு சரியானது, சொல்கிறவரின் கை சுத்தமாக இல்லை, அவ்வளவுதான். தெயோதாத்தோ இளவயதில் ரோபர்த்தோ ரோஸெல்லினியிடம் உதவியாளராக இருந்தவர். போருக்குப் பிந்தைய இத்தாலியத் தெருக்களை, சாதாரண மனிதர்களை அப்படியே திரைக்குக் கொண்டுவந்த மேதை ரோஸெல்லினி. நிஜத்தைப் போலத் தோன்ற வைக்கும் வித்தையைச் சீடர் முழுக்கக் கற்றுக்கொண்டார். 2022-இல் இறப்பதற்குள், விலங்குகளைக் கொன்றது முட்டாள்தனம் என்று ஒப்புக்கொண்டுமிருந்தார்.

இதே கேள்வியை வேறு தொனியில் கேட்ட படங்களும் உண்டு. 1960-இல் மைக்கேல் பாவல் எடுத்த ‘பீப்பிங் டாம்’ படத்தில், பெண்களைக் கொன்றுகொண்டே அவர்களின் பயத்தைப் படமெடுக்கிறான் ஒரு கேமரா உதவியாளன். தானும் ஒரு ‘ஆவணப்படம்’ எடுப்பதாகச் சொல்லிக்கொள்கிறான். பிரிட்டிஷ் விமர்சகர்கள் பாவலைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள், அவருடைய தொழிலே அதோடு ஆட்டம் கண்டது. 1992-இல் பெல்ஜியத்தில் மூன்று இளைஞர்கள் சொற்பக் காசில் எடுத்த ‘மேன் பைட்ஸ் டாக்’ என் கணக்கில் இந்த வகையின் கூர்மையான படம். பென் என்ற தொடர்கொலைகாரனைப் பின்தொடர்ந்து ஒரு குழு ஆவணப்படம் எடுக்கிறது. முதலில் சும்மா பார்க்கிறார்கள். பிறகு பிணத்தைத் தூக்க ஒரு கை கொடுக்கிறார்கள். படத்துக்குப் பணம் தீர்ந்ததும் கொலைகாரனே காசு தருகிறான். அப்புறம் குற்றத்தில் கூட்டு. எந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும் என்று நம்மால் விரல் வைத்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடக் கொஞ்சம்தான் கீழே. சிரித்துக்கொண்டே பார்த்துவந்த நாமும் கூடவே இறங்கியிருப்போம். இதில் ஒரு கிளைக்கதை: பென்னாக நடித்த பெனுவா புல்வோர்டின் சொந்தக் குடும்பத்தாரே படத்தில் அவன் குடும்பமாக வருகிறார்கள். தங்கள் பிள்ளை என்ன மாதிரி வேடம் போடுகிறான் என்பது அவர்களுக்குத் தெரியாது. இந்த வகைப் படங்களை எடுப்பவர்களுக்கு இது ஒரு தொற்றுநோயோ என்று தோன்றுகிறது.

ஃபிலிம் சுருள் போய் எல்லோர் கையிலும் போன் வந்தபின் இந்தப் பாடம் இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது. ரோட்டோரம் படுத்திருக்கும் முதியவரை எழுப்பிச் சாப்பாடு கொடுத்து, அவர் அழும்போது முகத்துக்கு நேரே கேமராவை நீட்டி, சோக இசை போட்டு ஏற்றுகிற வீடியோக்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கொடுப்பது நிஜச் சாப்பாடு, வடிவது நிஜக் கண்ணீர். செட்டப் இல்லாமலும் இருக்கலாம். அந்த வீடியோவின் ரஷ் கிடைத்தால் எந்த நொடியிலிருந்து பார்க்க ஆசைப்படுவீர்கள்? நான் என்றால், கேமராவை ஆன் செய்வதற்கு முன் அவரிடம் என்ன கேட்டார்கள் என்பதை. வீடியோவுக்கு வந்த விளம்பரக் காசில் அவருக்கு எவ்வளவு போனது என்பதையும்.

‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’டின் முடிவில் தொலைக்காட்சி அதிகாரிகள் எல்லாச் சுருள்களையும் எரிக்கச் சொல்லிவிடுகிறார்கள். யார்தான் உண்மையான நரமாமிச பட்சிணிகள் என்று யோசித்தபடி மன்ரோ நியூயார்க் தெருவில் நடந்து போகிறார். பெரும்பாலானோர் நினைவில் நிற்பது அந்த வசனம்தான், எனக்கு அது கொஞ்சம் அதிகப்பிரசங்கமாகப் படுகிறது. அதற்குப் பின்னால் திரையில் வரும் எழுத்துகள் அதைவிடக் கெட்டிக்காரத்தனமானவை. சுருள்களைத் திருட்டுத்தனமாக வெளியே கொண்டுபோன புரொஜக்டர் ஆபரேட்டருக்கு 10,000 டாலர் அபராதம் என்றும், அவர் அவற்றை 2,50,000 டாலருக்கு விற்றார் என்றும் போடுகிறார்கள். அப்படி விற்கப்பட்டதால்தான் இவ்வளவு நேரம் நாம் உட்கார்ந்து பார்த்தோம். டிக்கெட் வாங்கியவரும் வியாபாரத்தில் ஒரு பங்காளி.

பார்க்க வேண்டும் என்று தோன்றினால் ‘மேன் பைட்ஸ் டாக்’கில் தொடங்குங்கள், அது போதும் என்றுகூட இருக்கலாம். தெயோதாத்தோவின் படத்துக்கு அமெரிக்காவில் வந்த டிஸ்க்கில் விலங்குக் கொலைகளை நீக்கிய பதிப்பையும் தேர்வுசெய்து பார்க்கும் வசதி உண்டு. மனச்சாட்சி உள்ளவருக்கு அதுதான் சரி, நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு பாருங்கள்: அந்தப் பதிப்பில் தெயோதாத்தோ, நிஜத்தில் இருந்ததைவிட நல்லவராகத் தெரிவார்.